வலிக்கு நான் போட்ட எண்

ஒரு மனிதர் வலிக்கிறது என்று என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சொன்ன எண்ணை விட்டுவிட்டு வேறு எண்ணை எழுதினேன். அதனால் அவருடைய முழங்கால் போயிற்று... இதுதான் என் குற்றம். இனி நீங்கள் பாதியில் எழுந்து போனாலும் பரவாயில்லை.

நான் செவிலி. கை கால் இழந்த முன்னாள் படைவீரர்களுக்குச் சிகிச்சையும் ஆராய்ச்சியும் நடத்தும் மையம் ஒன்றில், இதே புதுச்சேரியில் வேலை செய்கிறேன். புதுவகைச் செயற்கைக் காலைப் பொருத்தி, அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்போம். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பேன். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு? ஐந்தைத் தாண்டினால் அப்போதே செயற்கைக் காலைக் கழற்றி, உள்ளே காலில் மாட்டியிருக்கும் உறையை உருவி, டாக்டரை அழைத்துக் காட்ட வேண்டும். அதுதான் விதி.

ஆனால் எங்கள் வராந்தாவில் எழுதப்படாத விதி ஒன்றும் இருந்தது. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழும். சின்ன எண் சொல்பவருக்குத்தான் மதிப்பு! ஒருவர் "ஒண்ணு" என்றால் அடுத்தவர் "எனக்கு அதுகூட இல்ல" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதிக்கொள்வேன்.

ஹவில்தார் சவரிமுத்து முதலியார்பேட்டைக்காரர். எல்லையில் கண்ணிவெடி வெடித்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். முழங்கால் மிஞ்சியதால் செயற்கைக் காலோடு சைக்கிளே ஓட்டுவார். மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவார். எந்த வாரம் கேட்டாலும் அவருக்கு வலி "ரெண்டு"தான்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு அவசரம். ஞாயிறன்று என் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அவளுடைய வெள்ளைக் கவுனைத் தையற்கடையில் வாங்கிக்கொண்டு அரியாங்குப்பம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் முடித்துவிட்டு அதே பெஞ்சில் வேனுக்காகக் காத்திருந்தார்கள். சவரிமுத்து ஐயா ஒருவர்தான் பாக்கி.

"எவ்ளோ போடட்டும் ஐயா?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எட்டு, சிஸ்டர்" என்றார்.

அந்த மனிதர் வாழ்நாளில் யாரிடமாவது அப்படிச் சொல்லியிருப்பாரா? நான் அதை யோசித்தேனா?

"நீங்களே எட்டுன்னா மத்தவங்கள்லாம் எங்க போறது? ஐயாவுக்கு வயசாயிடுச்சு போல" என்று சிரித்தேன். பெஞ்சும் சேர்ந்து சிரித்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை... எனக்கும் இல்லை என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டேன்.

"சும்மா சொன்னேன். ரெண்டே போட்டுக்க" என்றார், யாரையும் பார்க்காமல்.

போட்டேன். அவரேதானே மாற்றிச் சொன்னார் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேசக்கூடும். வேண்டாம். எட்டு என்றால் காலைக் கழற்ற வேண்டும், டாக்டரைத் தேட வேண்டும், தாள் தாளாக எழுத வேண்டும். தையற்கடை மூடிவிடும். அவர் மாற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் சிரித்தேன்... இதை இப்போதுதான் முதன்முறையாகச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உறைக்குள் இருந்த புண் சீழ் பிடித்து எலும்பு வரைக்கும் போய்விட்டது. சர்க்கரை வேறு. முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அதற்கப்புறம் ஏது சைக்கிள்?

எங்கள் டாக்டர் அவரைப் பார்க்கப் போனபோது நானும் போனேன். டாக்டர் என் தாளைப் புரட்டினார். "போன வாரம்கூட ரெண்டுன்னுதான் இருக்கு. ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டார்.

கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்தார். அவர் டாக்டரிடம் திரும்பி, "ஆமா சார், நான்தான் சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார்? என் வேலை போய்விடும் என்றா? அல்லது, ஒரு நாள் வாய்விட்டு வலிக்கிறது என்று சொன்னதையே அவமானமாக நினைத்தாரா? இரண்டாவதாக இருந்தால்... அந்த அவமானத்தைத் தந்தவள் நான்.

மாதம் தவறாமல் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். மாமியாரை எதிர்த்துப் பேசியதைச் சொல்வேன், பொய் சொன்னதைச் சொல்வேன். இதை மட்டும் சொன்னதில்லை. சாமியார் மன்னித்துவிடுவார் என்று பயம். மூன்று ஜெபம் சொல்லித் தீர்த்துவிடக்கூடிய காரியமா இது?

சென்ற மாதம் அவருடைய மனைவி பிலோமினா அம்மாள் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த வராந்தாவிலேயே, எல்லோர் முன்னாலும் பொரிந்து தள்ளினார்.

"இந்த மனுசனுக்கு வாய் இருக்குல்ல? வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முட்டி தப்பிச்சிருக்கும். அவ்ளோ வீம்பு. நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டாரு. நீ சொல்லு சிஸ்டர், நீ சொன்னா கேப்பாரு."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், 'அவர் சொன்னார் அம்மா' என்று மூன்றே வார்த்தை.

நான் அவர் முன்னால் குனிந்து நின்றேன். "ஐயா, இனிமே வலிச்சா மறைக்காம சொல்லணும்" என்றேன்.

"சரி சிஸ்டர்" என்றார் சவரிமுத்து ஐயா.

பிலோமினா அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இரும்மா" என்று வாழ்த்தினார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.