ராக்கம்மா அக்காவும் மேட்டுக்கு ஏறிய மாடுகளும்

ராக்கம்மா அக்கா இன்று காலை காலமானார். உலு திராமிலிருந்து அவருடைய மகன் கணேசன் சற்று முன் போனில் உறுதிப்படுத்தினார். தூக்கத்திலேயே போய்விட்டாராம்...

உலு திராமுக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மாடு வளர்த்தவர். எண்பதை நெருங்கியிருந்தார்.

நேற்று மாலைகூட மாடுகளை எங்கே கொண்டுபோவது என்றுதான் பேசிக்கொண்டிருந்தாராம். தோட்டத்தில் பழைய மரங்களைச் சாய்த்துப் புதிதாக நடுகிறார்கள். சின்னச் செம்பனையை மாடு தின்றுவிடும் என்பதால், இந்த மாதக் கடைசிக்குள் மந்தையை வெளியேற்றச் சொல்லிவிட்டது நிர்வாகம்.

விற்பதென்றால் இறைச்சிக்காரர்கள் லாரியோடு தயார். அக்கா ஒப்பவில்லை. வேறு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த மாடுகள் 1930களில் தொடங்கியவை. அப்போது ரப்பர் வெட்ட இந்தத் தோட்டத்துக்கு வந்த அவருடைய அப்பா வாங்கிய முதல் பசுவின் வம்சம்.

அந்தப் பசு வெள்ளை. அதனால் பெயர் துரைசாணி. வெள்ளைக்கார மேனேஜரின் மனைவியை அன்று தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஆபீஸ் பக்கம் ஓட்டிப் போகும்போது மட்டும் அப்பா அதை "லட்சுமி" என்று கூப்பிடுவாராம்.

பிறகு ரப்பர் போனது, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். மந்தையில் எப்போதும் ஒரு துரைசாணி இருந்தாள்.

நான் அக்காவைப் பார்த்தது சில வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பரில். நமக்குக் குளிர்காலம் என்றால் அதுதானே... விடாத மழை, பகலிலும் ஸ்வெட்டர்.

வெள்ளச் செய்திக்காக வாரம் முழுக்க அலைந்துகொண்டிருந்தேன். சரியான தூக்கம் இல்லை. அக்காவிடம் கொஞ்சம் பேசிவிட்டு தெப்ராவுக்குத் திரும்புவதாகத் திட்டம். பேசி முடிப்பதற்குள் வந்த ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது.

"இனி எங்க போவீங்க தம்பி? கார அந்தாண்ட ஏத்தி வுட்டுட்டு வாங்க. சும்மா நிக்கிற ஆளுக்கு இங்க வேல இருக்கு."

கொட்டகையில் ஒரு பசு கன்று போடும் நேரம். அதை விட்டு அக்கா நகர முடியாது. கீழே பள்ளத்தில் மற்ற மாடுகள், முழங்கால் தண்ணீரில். அவற்றை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். அக்காவைத் தவிர யார் பின்னாலும் அவை போகாது.

அக்கா தன் பழைய ரெயின்கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மாட்டு வாடை, புகை வாடை.

"போட்டுக்கிட்டு முன்னால நடங்க. அதுங்க மூஞ்சியப் பாக்காது, வாசத்ததான் பாக்கும்."

"எல்லாம் வருமாக்கா?"

"தொரைசாணி வந்தா மத்ததெல்லாம் வரும். அவ வரலன்னா நீங்களும் அங்கயே நில்லுங்க, நா வந்து ரெண்டு பேரையும் ஓட்டிக்கிட்டு வர்றேன்."

துரைசாணி என் கையை மோந்தாள். என்னைப் பார்த்தாள். நிச்சயம் நம்பவில்லை... ஆனாலும் வந்தாள். பின்னால் மற்றவை வரிசையாக.

மேடு வரைக்கும் என் முதுகில் அவள் மூச்சு, சூடாக.

மேட்டில் அவற்றோடு நின்றேன். போனில் லைன் இல்லை. செம்பனை மட்டைகளில் கொக்குகள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒரு கன்று என் காலில் சாய்ந்தபடி நின்றே தூங்கியது. அந்த வாரத்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்காத நேரம் அது ஒன்றுதான்.

இறங்கி வந்தபோது பசு கன்று போட்டிருந்தது. பக்கத்துக் கம்பத்திலிருந்து, மலாய்க் கிராமம் அது, பாக்சிக் ஹம்சா வந்து, ஒழுகும் கூரைக்குக் கீழே கன்றுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். பாக்சிக் என்றால் மாமா; தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்த மலாய்க்காரர். நன்றாகத் தமிழ் பேசுவார்.

"அலமாக், ரிப்போர்ட்டர மாடு மேய்க்க அனுப்பிட்டியா? சம்பளம் என்ன குடுப்பே?"

"சீம்பால்தான். ஒனக்கும் உண்டு, கொடைய நேரா பிடி."

அக்கா குலா மெலாக்கா வெல்லம் சேர்த்து அந்தச் சீம்பாலை அவித்துக் கொடுத்தார். பால் விடாத டீ, சூடான தே ஓவும். மூன்று பேரும் ஈரத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மாலையில் தண்ணீர் வடிந்ததும் கிளம்பினேன். அன்று அனுப்பிய செய்தியில் இதில் ஒரு வரிகூட இல்லை.

அதற்குப் பிறகு மாட்டுப் பொங்கலுக்குப் பொங்கல் போன் வரும். "தொரைசாணி கேக்குறா, அந்தத் தம்பி லீவு முடிஞ்சி எப்ப வேலைக்கு வருவாருன்னு." சில வருடம் போனேன். சில வருடம் போகவில்லை.

கடைசியாகப் பேசியது போன மாதம். குரல் களைத்திருந்தது.

"எடம் கெடைக்கலன்னா என்னக்கா செய்வீங்க?"

"தெரியல தம்பி. நா பாக்க அதுங்க லாரில ஏறக்கூடாது. அவ்ளோதான்."

பார்க்கவில்லை அவர்.

இன்று காலை கொட்டகையைத் திறந்து மாடுகளை வெளியே விட்டது ஹம்சாதான் என்று கணேசன் சொன்னார். அக்கா வராமல் துரைசாணி வாசலைத் தாண்டவில்லையாம். அவள் நிற்க, மற்றவையும் நின்றன. வெகுநேரம் கழித்துத்தான் மேயப் போயின.

அந்த ஒரு மழை நாளுக்கு நன்றி, அக்கா. போய் வாங்க.

இறுதிச் சடங்கு நாளை மதியம், வீட்டில். சிங்கப்பூரில் இருக்கும் மகள் இன்று இரவு வந்துவிடுவார்.

மாடுகள் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. கம்பத்தில் ஹம்சாவின் குடும்பத்துக்குப் பழைய ரப்பர் நிலம் கொஞ்சம் சும்மா கிடக்கிறது. தம்பி தங்கைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் அவர்களைக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடுகிறார்கள். திங்கள் காலை பதில் சொல்வதாக ஹம்சா சொல்லியிருக்கிறார்.

அதுவரை லாரிக்காரர்களின் போனை கணேசன் எடுப்பதில்லை.