தனியே சாப்பிட்ட சனிக்கிழமை

நியூசிலாந்தில் பாலைவனம் இருக்கிறது என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தம்பி நம்பமாட்டான். நாங்கள் இருக்கும் ஆக்லாந்திலேயே பாதிப் பேர் நம்புவதில்லை. தெற்கே நாலரை மணித்தியாலம் கார் ஓட்டிப் போனால் மரங்கள் திடீரென்று நின்றுபோகும். அதன் பிறகு சாம்பல் நிற மண், கல், முழங்கால் உயரப் புல், காற்று. ஒட்டகம் கிடையாது. பக்கத்து மலையில் பனி மூடிக் கிடக்கும். அந்தப் பாலைவனத்தின் ஓரத்தில் வசதியானவர்கள் ஓய்வெடுக்க ஒரு விடுதி இருக்கிறது. அங்கே இரண்டு இரவு நான் தன்னந்தனியாகத் தங்கினேன். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு அதுதான் முதல் தடவை.

நானாகக் கேட்டுப் போகவில்லை. சிட்னியில் இருக்கும் மகளும் என் கணவரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் செய்த சதி அது. ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஆளுக்கு அறை எடுத்துவிட்டு, ரத்துச் செய்தால் பணம் திரும்பாது என்று மகள் வீடியோவில் சொன்னாள். என்னை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியும்.

என் கவலை கணவரைப் பற்றியது. மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, நடையும் கைத்தடியோடு திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் எதையும் பிடித்து வைத்திருக்காது. அன்றிலிருந்து ஒரு இரவுகூட நான் அவரை விட்டு வெளியே தங்கியதில்லை. எல்லர்ஸ்லியில் இருக்கும் என் அலுவலகத்தில் கேட்டு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். மற்ற இரண்டு நாளும் அலுவலகத்திலிருந்து மணிக்கொரு தடவை அவரை அழைப்பேன்.

அவருடைய சாப்பாடு முழுக்க என் பொறுப்பு. சோற்றையும் கறியையும் நானே குழைத்து, மீனில் முள் எடுத்து, கிண்ணத்தில் போட்டு, இடது கையில் கரண்டியைக் கொடுப்பேன். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் முள்ளுக்கரண்டியால் சோறு சாப்பிடுகிறவர்களைப் பார்த்து, “உவைக்குக் கறி ருசிக்குமே?” என்று என் காதுக்குள் கேட்டவர் அவர். இப்போது ஒன்றும் சொல்லாமல் கரண்டியை வாங்கிக்கொள்வார். கை வேலை செய்தால்தான் வரும் என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் எத்தனையோ தரம் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேளையும் குழைத்துக் கொடுத்தேன். அவர் பசியோடு சோற்றைத் துரத்துவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. உண்மையைச் சொன்னால், மனமும் இல்லை.

புறப்படும் முன் இரண்டு நாள் நின்று சமைத்தேன். ஐந்து வேளைக்கு, சோறும் கறியுமாக ஒன்பது பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நாடா ஒட்டி, “வெள்ளி இரவு”, “சனி காலை”, “சனி மத்தியானம்” என்று எழுதினேன். மைக்ரோவேவில் எத்தனை நிமிடம் என்றும் எழுதினேன். வாசலில் காரை எடுக்கும்போது, “அடுப்பைத் தொடாதேங்கோ, குளிக்கிற அறையை உள்ளுக்குப் பூட்டாதேங்கோ,” என்று நாலாம் தடவை சொன்னேன்.

“நான் என்ன சின்னப் பிள்ளையே? நீர் போயிட்டு வாரும்,” என்றார்.

பக்கத்து வீட்டு மலேசியத் தமிழ்ப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “அக்கா, நான் இருக்கேன்ல. நீங்க போய் நல்லா தூங்குங்க லா.” எங்கள் பகுதியான மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்களுக்குக் கிடைத்த நல்ல விஷயங்களில் அவள் ஒருத்தி.

விடுதியின் வரவேற்பில் இருந்த இளம்பெண் சிரித்துக்கொண்டு, “நீங்கள் மட்டும்தானா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சாதாரணமான கேள்வி. என் வாயிலிருந்து, “கணவர் நாளைக்கு வருவார்,” என்று வந்துவிட்டது. கல்யாணமான பெண் தனியாக விடுதியில் நிற்கிறாள் என்றால் என்ன நினைப்பார்கள் என்று எங்களுக்குள் ஊறிய பயம் அது. அவள் ஒன்றும் நினைத்திருக்கமாட்டாள். கணினியில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கட்டிலில் படுத்தபடி பாலைவனத்தைப் பார்க்கலாம். வெளியே வெந்நீர்த் தொட்டி, ஆவி பறந்தது. அதற்குள் இறங்கி உட்கார்ந்து, இப்போது அவர் மாத்திரை எடுத்திருப்பாரா என்று யோசித்தேன். ஏழு மணிக்கு அழைத்தேன். எட்டுக்கு அழைத்தேன். ஒன்பதுக்கு அழைத்தபோது, “நான் படுக்கப் போறன், நீர் போனை வையும்,” என்றார்.

காலையில் எழுந்து கட்டிலை ஒழுங்காக விரித்தேன், முகம் கழுவும் தொட்டியைத் துடைத்தேன், துவாய்களை மடித்தேன். துப்புரவு செய்ய வந்த பெண் பார்த்துவிட்டு, இரவு வேறெங்காவது தங்கினீர்களா என்று கேட்டாள். பழக்க தோஷம் என்று அவளுக்கு எப்படி விளக்குவது? சிரித்து வைத்தேன்.

பிறகு வெளியே நடக்கப் போனேன். ஒரு மணித்தியாலம் ஒரு மனிதர்கூட இல்லை. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, என் கைகளுக்கு ஒரு வேலையும் இல்லை. சட்டைப் பைக்குள் அவற்றை விட்டேன், வெளியே எடுத்தேன், திரும்ப விட்டேன். ஒரு கல்லில் உட்கார்ந்தேன். நான் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு அறைக்கு வந்து அவரை அழைத்தேன். எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்து அழைத்தேன். எடுக்கவில்லை. ஆறு தடவை. ஏழாவது தடவையோடு உடுப்புகளை எல்லாம் பெட்டிக்குள் அள்ளிப் போட்டுவிட்டு, கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியை அழைத்தேன். போனைக் காதில் வைத்தபடியே அவள் எங்கள் வீட்டுக்கு ஓடினாள். அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

“அக்கா,” என்றாள் மெதுவாக. “பின்பக்கம் ஜன்னல்ல நிக்கிறேன். அண்ணன் நல்லாதான் இருக்காரு. சாப்பிட்டுட்டு இருக்காரு.”

“கதவைத் திறக்கேல்லையே?”

“என்னைப் பாத்துட்டாரு, போகச் சொல்லி தலைய ஆட்டுறாரு. அக்கா, ஸ்பூன் இல்ல. கையிலதான் சாப்பிடுறாரு. மேசை பூரா சோறு.”

“எந்தக் கை?”

“என்ன கேக்குறீங்க? சோத்துக் கைதான்.”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் அவரே அழைத்தார். “ஏன் அந்தப் பிள்ளையை ஓட வைச்சனீர்?”

“போன் அடிச்சா எடுக்கோணும்.”

“தட்டைப் பிடிக்க ஒரு கை, சோத்துக்கு ஒரு கை. எந்தக் கையால எடுக்கிறது?”

கோபம் போன இடம் தெரியவில்லை. எப்போதிருந்து என்று கேட்டேன். நான் அலுவலகம் போகும் நாட்களில் இரண்டு மாதமாகப் பிஸ்கட்டையும் பாண் ரொட்டித் துண்டையும் பிடித்துப் பழகினாராம். சோறு, நேற்று இரவுதான் முதல் தடவை. அரை மணித்தியாலம் எடுத்ததாம். பாதி வயிற்றுக்கு, பாதி நிலத்துக்கு.

“அப்ப ஏன் எனக்கு முன்னால சாப்பிடேல்லை?”

“நீர் விட்டனீரே?” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. “ஒரு பருக்கை விழுந்தா துணியோட ஓடி வருவீர். நீர் பாத்துக்கொண்டு நிண்டா எனக்குக் கை நடுங்குது.”

மூன்று வருடமாக நான் செய்ததெல்லாம் அன்புதான். அந்த அன்புதான் அவர் கையை மடியிலேயே கட்டி வைத்திருந்தது. அழுதேன். அவர் கேட்கட்டும் என்றே அழுதேன்.

“இப்பவே வெளிக்கிடுறன்,” என்றேன்.

“வேண்டாம். நாளைக்குச் சொன்ன நேரத்துக்கு வாரும். எனக்கு இன்னும் ரெண்டு சாப்பாடு இருக்கு. நான் பழக வேணும்.”

அறை எடுத்தது என்னுடைய ஓய்வுக்கு மட்டுமில்லை என்று அப்போது விளங்கியது. தகப்பனும் மகளும் வாய் திறக்கவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு நான் மனதுக்குள் சொன்ன நன்றியை இன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெட்டியிலிருந்து உடுப்புகளை வெளியே எடுத்தேன். பிற்பகல் முழுக்கத் தூங்கினேன். மாலையில் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனால், என் மேசையில் இரண்டு பேருக்குத் தட்டு வைத்திருந்தார்கள். பரிமாறுகிறவர் வந்து, கணவர் வந்துவிட்டாரா என்று விசாரித்தார்.

“அவர் வரமாட்டார்,” என்றேன். “அவர் வீட்டில் சாப்பிடுகிறார்.”

எனக்குக் கண் நிறைந்ததைப் பார்த்து அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, இரண்டாவது தட்டைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார். நான் சூப்பிலிருந்து இனிப்பு வரை ஒன்றும் விடாமல் சாப்பிட்டேன். ஒரு தடவையும் போனைத் தொடவில்லை. நானாகச் சமைக்காத சாப்பாட்டை, யாருக்கும் எடுத்து வைக்காமல், சூடு ஆறுமுன் சாப்பிடுவது எவ்வளவு பெரிய சுகம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். மேசைக்கடியில் மஞ்சள் கறை இருந்தது. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். சோற்றையும் கத்தரிக்காய்க் கறியையும் சுடவைத்து, பெரிய தட்டில் தனித்தனியாகப் போட்டேன். குழைக்கவில்லை. என் விரல்கள் தம்பாட்டில் தட்டுக்குப் போயின, இழுத்துக்கொண்டேன். என் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்க மரப்படியில் போய் உட்கார்ந்து, கதவையும் சாத்திக்கொண்டேன். உள்ளே தட்டு மேசையில் உராயும் சத்தம் கேட்டது. ஏதோ விழுந்தது. நான் எழும்பவில்லை. வெயிலைப் பார்த்தபடி என் சோற்றைச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கைத்தடி இல்லை. இடது கையில் தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, தோளைக் கதவு நிலையில் சாய்த்துச் சாய்த்து வெளியே வந்தார். என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். பாதிச் சோறு மிச்சம் இருந்தது. வலது கையால் பிசைந்து, கூட்டிச் சேர்த்து, ஒரு கவளம் எடுத்தார். அதில் பாதி படியில் விழுந்தது. மீதியை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

“கறிக்கு உப்புக் காணாது,” என்றார்.

மூன்று வருடத்தில் அவர் என் சமையலில் கண்ட முதல் குறை அது.