அப்பாவின் வயிற்றில் பஞ்சு

என் அப்பாவின் வயிற்றுக்குள் நான் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் அதிகம் சொல்வதில்லை.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. அப்பாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. பஞ்சுப் பொதிகளைப் பிரித்து மிஷினுக்குக் கொடுக்கிற இடத்தில் இருந்தார். வேலை முடிந்து வரும்போது புருவம், மீசை, காதோர முடியெல்லாம் நரைத்திருக்கும். குளித்ததும் வயது குறைந்துவிடும். மில்காரர் வீடுகளில் யாருக்கு வயிற்றில் என்ன வந்தாலும் பழி பஞ்சின் மேல்தான். மூச்சோடு போன பஞ்சு உள்ளே திரண்டு உட்கார்ந்துகொள்ளுமாம். ஷிப்ட் முடிந்ததும் ஒரு கட்டி வெல்லத்தை வாயில் போட்டால் பஞ்சை இழுத்துக்கொண்டு இறங்கிவிடும் என்பார்கள். அப்பாவும் போட்டுப் பார்த்தார். பஞ்சு இறங்கியதோ என்னவோ, சோறு இறங்குவது குறைந்துகொண்டே வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு மதுரையிலிருந்து வாரம் ஒருநாள் டாக்டர் ஒருவர் வந்து, குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு அப்பா புறப்பட்டார். அம்மாவுக்கு நிறைமாதம், பஸ்ஸில் போகக்கூடாது. எனவே துணைக்கு நான். அப்போது நாலாவது படித்தேன். அடுத்த வருஷத்தோடு படிப்பு நின்றுவிட்டது. வீட்டிலும் வெளியிலும் அதிகம் வாய் திறக்காத பையன்.

“இவனையா கூட்டிட்டுப் போறீங்க? நீங்க மயங்கி விழுந்தாக்கூட யாரையும் கூப்பிட மாட்டான்” என்றாள் அம்மா.

“பேசுறதுக்கு வீட்டுக்கு ஓராளு போதும்ட்டி” என்றார் அப்பா.

மருத்துவமனையில் டாக்டர் எடுத்துவந்த கருவி என்பது விரல் பருமனில் ஒரு கறுப்புக் குழாய். அதன் வால் ஒரு விளக்குப் பெட்டியில் செருகியிருந்தது. அதைப் பார்த்ததும் அப்பாவின் வாய் தானாக மூடிக்கொண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பல்லிடுக்கில் கேட்டார்.

“கண்ணாடிதான். தலைமுடியைவிட மெல்லிசா, ஆயிரக்கணக்கான இழை” என்றார் டாக்டர்.

மில்காரரிடம் இழை என்று சொல்லியிருக்கக் கூடாது.

“இழைன்னா அறும் சார். பருத்தி நூலே எங்க கண்ணு முன்னால அறுந்துக்கிட்டே இருக்கு. கண்ணாடி இழை வயித்துக்குள்ள அறுந்தா யாரு போயி ஒட்டுப் போடுறது?”

டாக்டர் சிரித்துவிட்டார். மேலே கெட்டியான உறை இருக்கிறது, அறுந்தாலும் வெளியே வராது என்றார். அப்பா விடவில்லை. வெளிச்சம் நேராகத்தானே போகும், தொண்டையோ வளைந்திருக்கிறது, அது எப்படித் திரும்பும் என்றார்.

“கெணத்துல முங்கியிருக்கீங்களா?”

“முங்காம?”

“உள்ள இருந்து நேரா அண்ணாந்தா வானம் தெரியும். சாய்வாப் பாத்தா?”

அப்பா யோசித்தார். “தெரியாது. மேல் தண்ணி ரசம் பூசுன கண்ணாடியாட்டம் மினுங்கும்.”

“அம்புட்டுதான். காத்தைவிடத் தண்ணியில வெளிச்சம் மெதுவாப் போகும். தண்ணிக்குள்ள இருந்து ரொம்பச் சாய்வா மேல வந்து முட்டுனா வெளிய போக முடியாது, உள்ளயே திரும்பிரும். இந்த இழையிலயும் அப்படித்தான். நடுவுல ஒரு கண்ணாடி, அதைச் சுத்தி வேறொரு கண்ணாடி. நடுவுல வெளிச்சம் கொஞ்சம் மெதுவாப் போகும். அதனால ஓரத்துல முட்டி முட்டித் திரும்பி, இழை வளையிற பக்கமெல்லாம் கூடவே வந்துரும்.”

பிறகு குழாயை வளையமாகச் சுற்றி, அதன் நுனியை என் உள்ளங்கையில் வைத்தார். கையில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. சூடே இல்லை. கிணற்றுக்குள் அந்த மினுக்கத்தை நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று நினைத்ததில்லை.

“அப்போ தப்பிக்க வழியில்ல” என்றார் அப்பா.

“வெளிச்சத்துக்கா?”

“எனக்கு” என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

இடப்பக்கமாகப் படுக்கவைத்துக் குழாயை இறக்கினார்கள். அப்பா என் கையை விடவே இல்லை. அதனால் என்னை வெளியே அனுப்பவும் முடியவில்லை. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளும் பார்ப்பதற்காகக் கருவியில் கண் வைத்துப் பார்க்கும் துளை இன்னொன்று வைத்திருந்தார்கள். “பாக்குறியா தம்பி?” என்றார் டாக்டர். எட்டிப் பார்த்தேன். கொசுவலை வழியாகப் பார்ப்பதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஈரமான சிவப்புச் சுவர். மடிப்பு மடிப்பாக ஒரு குகை. டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு மூலையில் வெள்ளையாக, ஓரம் தடித்து ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவர் பேச்சு நின்றது. குழாய்க்குள்ளிருந்து மெல்லிய கம்பி ஒன்று வந்து அதில் துளி கிள்ளி எடுத்தது.

எனக்கோ குதிக்க வேண்டும் போல இருந்தது. எல்லோரும் சொன்ன பஞ்சை நான் கண்ணால் பார்த்துவிட்டேனே.

அதன்பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் அப்பாவிடம் வெகுநேரம் பேசினார். அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். பஸ் பாதி வழி வந்த பிறகுதான் கேட்டார்:

“என்னலே பாத்த உள்ள?”

“பஞ்சுப்பா. வெள்ளையா ஒட்டியிருக்கு.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என் தொடையில் தட்டினார். “சரியாப் பாத்திருக்க. இதையே அம்மாகிட்ட நீயே சொல்லணும். கூட்டாத, கொறைக்காத. நீ சொன்னாத்தான் நம்புவா.”

வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அப்பா கால் கழுவப் பின்பக்கம் போய்விட்டார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“அதைப் பாத்ததும் டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒன்னும் சொல்லல. பேச்சை நிப்பாட்டிட்டாரு.”

அம்மா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“அப்பாகிட்டப் போயி, வெறும் பஞ்சுதானான்னு அம்மா சிரிச்சான்னு சொல்லு.”

“நீ சிரிக்கலையேம்மா.”

“இந்தா சிரிச்சுட்டேன். போ.”

ஓடினேன். அப்பா காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். கால் எப்போதோ சுத்தமாகியிருந்தது.

“என்னலே சொன்னா?”

“வெறும் பஞ்சுதானான்னு சிரிச்சாப்பா.”

“சிரிச்சாளா?”

“சிரிச்சா.”

அப்பா செம்பைக் கீழே வைத்தார்.

ஒரே நாளில் இரண்டு பேர் என்னை நம்பிச் செய்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டையும் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எனக்கும் பேச வந்துவிட்டது என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.