பால்சுறாப் பொட்டலம்

1998 மார்ச். தஞ்சாவூரிலிருந்து சென்னை போகும் பேருந்தில், பாபநாசத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார் அந்த அம்மாள். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவை டாலர். மறுநாள் அவருக்கு அமெரிக்க விமானம். அங்கே மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. தாய்ப்பால் போதவில்லை, டப்பா மாவுதான் கொடுக்கிறார்களாம். பால் ஊறுவதற்காக, பைக்குள் சேலைகளுக்கு அடியில் பால்சுறாக் கருவாட்டை ஒளித்து வைத்திருந்தார்.

எதையும் மோந்து பார்க்காமல் அவர் வாயில் வைக்கவில்லை. விழுப்புரத்தில் டீயை மோந்துவிட்டு, “பால் சரியில்ல, மாத்திக் குடுப்பா” என்றார்.

“டீ வாங்குறீங்களா, சென்ட்டு வாங்குறீங்களா?” என்று முணுமுணுத்தபடியே கடைக்காரர் மாற்றினார்.

“கருவாட்டை அமெரிக்க ஏர்போர்ட்ல ஆபீசருங்க பிடுங்கிடப் போறாங்கம்மா” என்றேன். படித்ததையும் சொன்னேன். ஒரு காலத்தில் நியூயார்க்கில் கெட்ட பாலில் சுண்ணாம்புத் தூள் கலந்து விற்றார்கள். அதைக் குடித்துக் குழந்தைகள் செத்தன. அந்த நாடு முழுமைக்குமான உணவுச் சட்டம் 1906இல்தான் வந்தது; அதனால்தான் அங்கே உணவுப் பொருள் என்றால் இவ்வளவு கெடுபிடி.

அவர் பையைத் திறந்தார். “புள்ளைங்களப் பறிகொடுத்துட்டுப் போட்ட சட்டமா? அப்ப ஒளிச்சுக் கொண்டுபோறது தப்பு சார். எடுத்துக் காட்டியே கேக்குறேன். மோந்து பாத்துட்டுச் சொல்லட்டும்.”

பொட்டலத்தை எடுத்துச் சேலைகளுக்கு மேலே வைத்தார். வாடை பரவியது.

“என்னம்மா, பஸ்ஸே நாறுது?” என்றார் நடத்துநர்.

“என் பேத்திக்குப் பாலுப்பா.”

தாம்பரத்தில் பையை மூடாமலே இறங்கிப் போனார். அமெரிக்க விமான நிலைய அதிகாரி மோந்து பார்த்திருப்பாரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.