ஐஸ் பெட்டிக்குள் போகாத டியூப்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோணலாக இருக்கும். எங்கே ஒற்றைக்கொம்பு, எங்கே இரட்டைக்கொம்பு என்பது இன்றும் எனக்குக் குழப்பம்தான். தொடக்கப்பள்ளியோடு படிப்பு நின்றவன். பிழைகளை நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். எழுதிய விஷயத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

ஆபீஸில் என் ஃபைலில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. அதில் சூப்பர்வைசரின் ஆங்கிலம் ஒரு பக்கம். நான் எழுதியது இரண்டு வரி. மீதியை இங்கே எழுதுகிறேன். புதிதாகப் போர்ட்டர் வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும்.

1. பச்சை மூடி

பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரியில் போர்ட்டர். கட்டில் தள்ளுவேன், சக்கர நாற்காலி தள்ளுவேன், வார்டிலிருந்து ரத்த டியூப்களை லேபுக்குக் கொண்டுபோவேன். போர்ட்டரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு அது வசதி. லிஃப்டில் நாலு பேர் இருந்தாலே அடுத்ததில் போகலாம் என்று நின்றுவிடும் ஆள் நான்.

சாரதா என்று ஒரு நோயாளி. செம்பவாங்கில் வீடு, பாலர் பள்ளியில் சமையல் வேலை. அவருடைய உடம்பில் புது ரத்தம் ஊறவில்லை. லேசாக இடித்துக்கொண்டால்கூடக் கையெல்லாம் நீலம் பாரித்துவிடும். இடுப்பெலும்பில் கெட்டி ஊசியைக் குத்தி மஜ்ஜை எடுத்தார்கள். அதில் பச்சை மூடி போட்ட டியூப் ஆராய்ச்சிக்கு. சாரதா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்றைக்குப் பக்கத்து வார்டின் டியூப் ஒன்றை ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கையில் ஐஸ் பெட்டி. மீன் ஐஸில் கெடாது, மஜ்ஜையும் கெடாது என்று நினைத்துப் பச்சை மூடியையும் அதிலேயே வைத்துவிட்டேன். அறைச் சூட்டில் வைக்கவும் என்று லேபிளில் இருந்தது. நான் படிக்கவில்லை. படிக்கத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். மெதுவாகப் படித்தால் அந்த அளவு ஆங்கிலம் எனக்கு வரும்.

லேபில் வேலை பார்க்கும் மெர்சி பெட்டியைத் திறந்து பார்த்தார். திட்டவில்லை. "அண்ணே, இது போச்சு," என்றார்.

அடுத்த வாரம் சாரதாவுக்கு மறுபடியும் ஊசி. அவர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனது நான்தான். பாதி வழியில், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை உங்களால குத்தினாங்கன்னா, அது உங்க இடுப்புலதான்லா," என்றார்.

கூட வந்த நர்ஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2. நல்லி எலும்பு

அந்த டியூபில் அப்படி என்னதான் இருக்கிறது என்று லேபில் கேட்க எனக்குக் கூச்சம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறிக் கடையில் மெர்சியைப் பார்த்தேன். மாதா கோயில் பூசை முடிந்து வந்திருந்தார். அங்கே கேட்டுவிட்டேன். அவர் கடைக்காரர் வெட்டி வைத்திருந்த நல்லி எலும்பைக் காட்டினார்.

ரத்தம் பிறப்பது இதற்குள்ளேதான் என்றார். கிருமியோடு சண்டை போடும் செல்கள் உண்டு. அந்தச் சண்டைக்காரர்களைப் போதும் என்று பிடித்து நிறுத்துகிற செல்களும் உண்டு. அடக்குகிற செல்கள் குறைந்துபோனால், சண்டைக்காரர்கள் சொந்த மஜ்ஜையையே அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். சாரதாவுக்கு அப்படித்தான் ஆகியிருக்கும் என்று டாக்டர்கள் நினைத்தார்கள். வேறு சில மஜ்ஜை நோய்களில் தலைகீழ். அடக்குகிறவர்கள் பெருகிப்போவார்கள், கெட்ட செல்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வளரும்.

"கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. அதான் எண்ணிப் பாக்குறோம். நீங்க ஐஸ்ல வச்சா கொஞ்சம் செத்துடும். அப்புறம் நான் சொல்ற நம்பர் பொய்யாயிடும்ணே."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் சொல்லிவிட்டு எலும்பு வாங்காமல் போகிறீர்களா என்றார். மெர்சி அரைக் கிலோ வாங்கினார்.

ஈசூனில் என் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது யோசித்தேன். இத்தனை வருடம் நான் டியூப் தூக்குவதாக நினைத்திருந்தேன். தூக்கியது உயிருள்ளவற்றை.

3. லிஃப்ட் வாசல்

அடுத்த சில மாதங்கள் சாரதாவுக்கு மருந்து கொடுத்தார்கள். அதற்குள் குணா என்பவர் புது சூப்பர்வைசராக வந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். ஒவ்வொரு டியூபுக்கும் ஓர் ஆள் நடக்க வேண்டாம், எல்லாம் ஒரே குளிர்ப்பெட்டியில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிரிப் என்று ரூல் போட்டார். காலைக் கூட்டத்தில் பச்சை மூடியைப் பற்றிச் சொல்லக் கையைத் தூக்கினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கையைக் கீழே போட்டுவிட்டேன். அந்த வெட்கம் இன்றும் இருக்கிறது.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க சாரதாவுக்குத் திரும்ப மஜ்ஜை எடுத்தார்கள். காலை பத்து மணி. பச்சை மூடி டியூபை நர்ஸ் என் கையில் கொடுத்தார். லிஃப்ட் வாசலில் குணா, பெட்டியோடு.

"அண்ணே, இதுல போடுங்க. பன்னெண்டு மணி டிரிப்ல போகும்."

"இது ஐஸ்ல போகக்கூடாது சார். லேபிள்ல இருக்கு."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். நீங்க என்ன டாக்டரா? எதுவரைக்கும் படிச்சீங்க?"

லிஃப்ட் திறந்திருந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர். என் காது சூடாகிவிட்டது.

"பிரைமரி சிக்ஸ் சார். முன்னாடி ஒரு தடவை லேபிளைப் படிக்காம விட்டேன். இப்போ படிச்சுட்டேன்."

"போனீங்கன்னா வார்னிங் லெட்டர்."

"குடுங்க சார்."

படிக்கட்டில் ஆறு மாடி இறங்கினேன். மெர்சி வாங்கி லேபிளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வேலையைத் தொடங்கினார்.

மாலையில் கடிதம் வந்தது. ஊழியர் விளக்கம் என்று கீழே ஒரு கட்டம். ஸாரி என்று ஒரு வார்த்தை எழுதினால் இதோடு முடிந்துவிடும் என்று குணா தணிந்த குரலில்தான் சொன்னார். கெட்டவர் இல்லை. நான் தமிழில் எழுதினேன்: 'அந்த டியூபில் இருப்பவை உயிரோடு இருப்பவை. நான் ஐஸில் வைக்க மாட்டேன்.' அவர் படித்துவிட்டு, இதை யார் மொழிபெயர்ப்பது என்று கேட்டார். உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே சார் என்றேன்.

என்னை அழுக்குத்துணி வண்டி தள்ளப் போட்டார்கள். தள்ளினேன். மெர்சி லேபிலிருந்து நான் சொன்னது சரி என்று எழுதிப் போட்ட பிறகு, பச்சை மூடி தனியாக, உடனே, ஐஸ் இல்லாமல் என்று போர்ட்டர் அறையில் ஒரு தாள் ஒட்டினார்கள். என்னையும் வார்டுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கடிதத்தை மட்டும் எடுக்கவில்லை.

சாரதா போன மாதம் கிளினிக்குக்கு நடந்தே வந்தார். அடக்குகிற செல்கள் முன்பைவிடக் கூடியிருக்கின்றனவாம், ரத்தமும் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். முழுக்கக் குணமாகவில்லை. அரைநாள் சமைக்கப் போகிறார்.

"உங்க இடுப்பு தப்பிச்சுதுண்ணே," என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றது இவ்வளவுதான். கையில் இருப்பது என்னவென்று கேளுங்கள். கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். தெரிந்த பிறகு, தெரியாத மாதிரி நடக்காதீர்கள்.

கடிதம் ஃபைலிலேயே இருக்கட்டும். இந்தத் தாள்களை அதன் பின்னால் சேர்த்துக் குத்தச் சொல்லி நாளைக் காலை கொடுக்கப்போகிறேன். அதன் பிறகு வார்டில் எனக்கு ஷிஃப்ட். பச்சை மூடி வந்தால் என் கையில்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை, 9 மார்ச் 2025