கட்ஜனின் தலை

“தலையை வெட்டணும், மிஸ் லவினியா.”

“வெட்டி எங்க வைக்கணும், ஐயா?”

“என் கக்கத்துல. தொப்பியோட.”

“சிரிச்ச மூஞ்சியா, செத்த மூஞ்சியா?”

“சிரிச்சது. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்.”

அந்தக் கோடையில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரமே தலையில்லாத புகைப்படங்களுக்காகப் பைத்தியமாக அலைந்தது. ஸ்டூடியோவில் இரண்டு கண்ணாடித் தகடுகளை இணைத்து ஒரே படமாக்குவது லவினியாவின் வேலை. மீன்காரிகளும் வங்கிக் குமாஸ்தாக்களும், ஏன், ஒரு பாதிரியாரும்கூட அவளிடம் தலையைக் கொடுத்துவிட்டுக் குதூகலமாகப் போயிருந்தார்கள். ஆனால் செப்டிமஸ் கட்ஜன் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் பாதிப் பேரைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தவர் அவர். இருபத்தாறு வருடம் சவ வண்டிக்கு முன்னால் நடந்து நடந்து முகம் அப்படியே உறைந்துவிட்டது. கல்யாணங்களுக்கு யாரும் அவரை அழைப்பதில்லை.

கேக் கடை நடத்தும் விதவை திருமதி டாப்பிங்கிடம் அவர் மணம் கேட்டிருந்தார். “நீங்க பார்க்கிற பார்வை பெட்டிக்கு அளவெடுக்கிற மாதிரி இருக்கு. சிரிக்கத் தெரியும்னா ஞாயித்துக்கிழமை தேநீருக்கு வாங்க. இல்லேன்னா வேண்டாம்” என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள்.

உடம்பை எடுப்பது சுலபமாக முடிந்தது. ஆடாமல் இருக்க மற்றவர்களின் கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைக்க வேண்டும். கட்ஜனோ நட்ட மரம்போல நின்றார். அடுத்தது தலை. தலை மட்டும் படத்தில் விழும்படி கழுத்துவரை கறுப்பு வெல்வெட்டைச் சுற்றி, கறுப்புத் திரைக்கு முன் உட்கார வைத்தாள்.

“சிரிங்க ஐயா.”

பல்லைக் காட்டினார். தகட்டைக் கழுவிப் பார்த்தால் நிஜமாகவே வெட்டிய தலை.

“இதைக் காட்டினா அந்த அம்மா போலீஸைத்தான் கூப்பிடுவாங்க.”

மூன்று தகடுகள் வீண். சனிக்கிழமை, கண்ணாடிக் கூரைக்கு மேல் மேகம் திரண்டுகொண்டிருந்தது. கடைசித் தகட்டைச் செருகிவிட்டு அவள் நிமிர்ந்தபோது, அவர் கண்கள் அவளை உச்சி முதல் பாதம் வரை வருடிக்கொண்டிருந்தன.

“என்னையும் அளக்கிறீங்களா?”

“மன்னிக்கணும். பழக்கதோஷம். அஞ்சடி ஒரு அங்குலம்.”

“மூணு அங்குலம்!”

“அது கொண்டை, மிஸ். பெட்டி மூடியை வச்சு அமுக்கினா அடங்கிடும்.”

வாயைப் பொத்திக்கொண்டே சிரித்துப் பழகிய லவினியா, வாய்விட்டுச் சிரித்து, கேமராவின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் சொன்னதைக் கேட்டு ஒருத்தி சிரிப்பதைக் கட்ஜன் வாழ்நாளில் பார்த்ததில்லை. மிரண்டார். உதட்டோரம் நடுங்கியது, மூக்கு விடைத்தது, பிறகு முகம் மொத்தமும் சிரிப்பாக உடைந்து கொட்டியது. அவள் தரையிலிருந்தபடியே கையை நீட்டி லென்ஸ் மூடியை எடுத்து, படம் பதிந்ததும் மூடினாள்.

திங்கட்கிழமை ஸ்டூடியோ திறப்பதற்கு முன்பே கட்ஜன் வந்து நின்றார்.

“அந்த அம்மா படத்தைப் பார்த்தாங்களா?”

“பார்த்தாங்க. சிரிச்ச சிரிப்புல கேக் தொண்டையில அடைச்சு, நான்தான் முதுகுல தட்டினேன். மூச்சு வந்ததும் சரின்னுட்டாங்க.” தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார். “கல்யாணப் படத்துக்கு அவங்க தலையையும் வெட்டணுமாம். ரெண்டையும் ஒரே கேக் தட்டுல வைக்க முடியுமா, மிஸ்? கன்னத்தோட கன்னம் ஒட்டுற மாதிரி?”