பேசாமல் தின்னவேண்டிய சுஷி

குணேஸ்வரி அக்கா சாமி விஷயத்தில் பாகுபாடு பார்க்காதவர். வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவில். ஞாயிற்றுக்கிழமை என்னோடு தேவாலயத்துக்கு வந்து, என்னைவிட அதிகமாக மெழுகுதிரி கொளுத்துவார். கத்தோலிக்கக்காரி நான், எனக்கே வெட்கமாகிவிடும்.

"ஆர் கேப்பினம் எண்டு தெரியாதெல்லோ சிசிலி. எல்லாருக்கும் சொல்லி வைப்பம்" என்பார்.

அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஊரில் சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்த தம்பி பிருந்தன் உயிரோடு வெளியே வரவேண்டும். தாய் தகப்பன் போனபின் அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவர் அக்காதான். 2008 கார்த்திகைக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும், ஊரைவிட்டு வந்த இந்தப் பனிநாட்டில், புரோசார்ட் என்ற இடத்தில் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் சுஷி, அதுதான் கடற்பாசித் தாளில் உருட்டிய சோற்றுச் சுருள், சுற்றினோம். வீடு இருந்த செயின்ட்-மிஷேலில் மெட்ரோ ஏறினால் பிறகு பஸ், பிறகு பனியில் நடை. அந்தக் குளிர்காலம் முழுக்க அக்கா கைத்தொலைபேசியை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டே வேலை செய்தார். சோறு ஒட்டிய கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்ப்பார், திரும்ப வைப்பார், திரும்ப எடுப்பார். முதலாளி மிச்சிகோ, நாங்கள் மதாம் என்று கூப்பிடுகிறவர், கண்டும் காணாததுபோல இருந்துவிட்டார்.

மதாமிடமும் அதிர்ஷ்டத்துக்கென்று சில சாப்பாடுகள் இருந்தன. வருடக் கடைசி நாளில் ஒரு நூடில்ஸ். புதுவருடம் பிறக்குமுன் அதைச் சாப்பிட்டு முடித்தால் பழைய வருடத்துக் கஷ்டம் அறுந்துபோகுமாம். அக்கா இரண்டு கோப்பை சாப்பிட்டார். "எனக்கு நிறையக் கிடக்கு மதாம்" என்றார். ஒன்றும் அறுந்ததாகத் தெரியவில்லை. வன்னியிலிருந்து வந்த தை மாதச் செய்திகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

மாசி தொடங்கி மூன்றாம் நாள். ஜப்பான்காரருக்கு மறுநாள் வசந்தம் பிறக்கிறதாம். வெளியே முழங்கால் அளவு பனி. மதாம் கடைச் சமையலறையில் எங்கள் கையில் ஆளுக்கொரு தடித்த சுஷிச் சுருளைத் தந்தார். உள்ளே முட்டை, வெள்ளரிக்காய், காளான் என்று ஏழு சாமான். அதை வெட்டக்கூடாது, வெட்டினால் அதிர்ஷ்டமும் வெட்டுப்படும். அந்த வருடத்து நல்ல திசையைப் பார்த்து நின்று, வேண்டியதை மனதில் நினைத்து, முழுவதையும் ஒரே மூச்சில் தின்னவேண்டும். முடியும்வரை ஒரு சொல் பேசக்கூடாது. பேசினால் எல்லாம் போச்சு.

மதாம் திசைகாட்டியை வைத்துப் பார்த்தார். நல்ல திசையில் நின்றது எங்கள் பெரிய பிரிட்ஜ். மூன்று பேரும் பிரிட்ஜைப் பார்த்துப் பக்தியோடு நின்றோம். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா கண்ணை மூடிக் கடிக்கத் தொடங்கினார்.

பாதிச் சுருளில் தொலைபேசி அடித்தது.

அக்கா எடுத்துக் காதில் வைத்தார். ஆள் பேசாத அந்தக் குசினியில் எனக்கும் கேட்டது. "அக்கா! நான் பிருந்தன். ஒராளின்ர போனிலை எடுக்கிறன். கேக்குதோ?"

துப்பிவிட்டுப் பேசுவார் என்றுதான் நினைத்தேன். அவர் துப்பவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓட, மிச்சச் சுருளை வாய்க்குள் அடைத்து அவதி அவதியாக மென்று சப்பினார். எனக்கு விளங்கிவிட்டது. அவன் பிழைக்கவேண்டும் என்று நினைத்துத் தொடங்கிய சாப்பாடு. வாயைத் திறந்தால் அவனுக்குத்தான் கேடு என்று பயந்துவிட்டார்.

என் அதிர்ஷ்டம் போனால் போகட்டும் என்று கத்தினேன். "கதையுங்கோ அக்கா!"

மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"அக்கா, ஒரு சொல்லுக் கதையுங்கோவன்…" என்று தொலைபேசிக்குள் பிருந்தன் கெஞ்சினான்.

கடைசிக் கவளத்தை விழுங்கி, "தம்பி!" என்று அலறினார். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து மனுசி பாதி ஆளாகிப் போனார். "நான் செய்தது சரியோ சிசிலி?" என்று மெட்ரோவிலும் கேட்பார், பஸ்ஸிலும் கேட்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். "நீங்கள் வாயைத் திறக்காமலே சாமிக்குக் கேக்கும். தம்பிக்குக் கேக்குமோ?" என்று ஏசிவிட்டு, பிறகு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுவேன். வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். அவனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அக்கா சுருள் சுற்றினார், ஆனால் அதில் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

ஆடி மாதம், நாங்கள் அரிசி கழுவிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. சண்டையில் தப்பியவர்களை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து பிருந்தன். அக்கா அவனைப் பேசவே விடவில்லை. "தம்பி! தம்பி! அண்டைக்கு நான்தான் எடுத்தனான், நான் கதைக்கேல்லை, நான் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்…" என்று மூச்சுவிடாமல் கொட்டினார். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்.

அந்தப் பக்கத்தில் அவன் சிரித்தான்.

"தெரியும் அக்கா. நீங்கள் சப்புற சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியாதே? அங்கை அக்கா சாப்பிடுறா எண்டு சந்தோசமா இருந்தது." கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். "அண்டைக்கு எங்களுக்குக் கஞ்சியும் கிடைக்கேல்லை. என்னக்கா சாப்பிட்டனீங்கள்?"

அக்கா அரிசி மூட்டையில் அப்படியே குந்திவிட்டார். வாயில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு சொல் வரவில்லை.